இடது ஓரத்து எண்கள்

என் தங்கை ஆறு வருடம் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக இருந்தாள். ஒரு நாள் வெளியூரில், ஓட்டல் அறையில் வலிப்பு வந்து விழுந்தாள். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை முடிந்து உயிர் பிழைத்தாள், லைசென்ஸ் போயிற்று. அப்பாவும் அம்மாவும் போன பிறகு காக்ஸ் டவுனில் இருந்த எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். என்னிடம் வந்துவிட்டாள்.

வந்த இரண்டாவது மாதம் முன்னறையில் ஒரு சிமுலேட்டர் அமைத்தாள். பெரிய திரை, ஒரு ஸ்டியரிங், இன்ஜினுக்கு இரண்டு லீவர், காலடியில் பெடல். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் வலப்பக்க நாற்காலியில் உட்காரவைப்பாள். அவள் சொல்லும்போது சக்கரத்தையும் இறக்கையின் ஃப்ளாப்பையும் இறக்குவது என் வேலை. மேலே பறப்பதில் அவளுக்கு அக்கறை இல்லை. தரையிறங்கும் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பறப்பாள்.

"கீழ இறங்கறதும் வேகத்தைக் குறைக்கறதும் சேர்ந்து நடக்காதுண்ணா. ஜெட் வழுக்கிட்டே போகும். முன்னாடியே யோசிக்கணும்" என்பாள்.

விமானத்தின் அன்றைய எடைக்கு இறங்கும் வேகம் நூற்று நாற்பது நாட். காற்றுக்காக இன்னும் ஐந்து. ஆயிரம் அடிக்கு வரும்போது சக்கரமும் ஃப்ளாப்பும் இறங்கி, வேகம் அந்த எண்ணில் நின்றிருக்க வேண்டும். நிற்காவிட்டால் இறங்கக் கூடாது. மேலே ஏறிச் சுற்றிவர வேண்டும். அதில் அவள் கறார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுடைய இறக்கம் கெட்டது. ஒரு நாள் நூற்று எழுபதில் வந்து, விமானம் தரையைத் தொடாமல் பாதி ஓடுபாதை வரை மிதந்தது. மறுநாள் வேகம் அளவுக்குக் கீழே போய் எச்சரிக்கை மணி அலறியது. சுற்றிவர வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "லீவர் சரியில்லை, மாத்தணும்" என்றாள். புது லீவர் வாங்கினோம். அதிலும் அப்படியே. இரவு சாப்பாடு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. வேகத்தை விமானமே பிடித்துக்கொள்ளும் வசதி ஒன்று அதில் உண்டு. அவள் குளிக்கப் போயிருந்தபோது செட்டிங்கில் அதைப் போட்டு, திரையில் அதன் அடையாளம் தெரியாதபடி மறைத்தேன். அடுத்த மூன்று வாரமும் எல்லா இறக்கமும் பூப்போல இருந்தது. அவள் மறுபடி சாப்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, இறங்கிக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்தினாள்.

"லீவரை முழுசா பின்னாடி இழுத்துட்டேன். இன்ஜின் சத்தம் குறையல. யாரு ஓட்டறது?"

சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

அவள் கத்தவில்லை. "ஆஃப் பண்ணு. தப்பு லீவர்ல இல்ல, என்கிட்டதான். இன்னொரு தடவை இறங்கறேன். நீ ஸ்கிரீனைப் பாக்காத. என் கண்ணைப் பாரு. எங்க போகுதுன்னு பாரு."

பார்த்தேன். அவள் கண்கள் நடுவில் நின்றன, வலப்பக்கம் போயின, மறுபடி நடுவுக்கு வந்தன. வலது ஓரத்தில் இருக்கும் உயரத்தை அடி பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். வேகம் காட்டும் எண்கள் இடது ஓரத்தில் இருந்தன. அங்கே அவள் ஒருமுறைகூடப் போகவில்லை.

"இடப்பக்கம் பாக்கவே இல்லம்மா நீ."

"பாத்தேனே."

"வேகம் எவ்ளோ, சொல்லு."

திரையை வெகுநேரம் பார்த்தாள். "அங்க ஒண்ணும் இல்லையேண்ணா" என்றாள்.

தட்டின் இடப்பாதியில் அவள் விட்டுவைத்த தோசைத் துண்டுகள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தன. பசியில்லை போலிருக்கிறது என்று நானே எடுத்துக் கொட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஸ்கேன். கட்டி மறுபடி வளர்ந்திருந்தது, முன்பைவிடப் பெரிதாக. மூளையின் வலப்பக்கம் கெட்டால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகும் என்றார்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் அவரை நிறுத்தி, "மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"பெருசா எதுவும் மாறியிருக்காது சார்." கையிலிருந்த காகிதத்திலிருந்து அவர் தலை நிமிரவில்லை. அது உண்மையா, என் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னதா, எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான்கு மாதம் இருந்தாள். கடைசிக்கு முந்தைய வாரம், பேச்சு குழறத் தொடங்கிய பிறகு, நான் பண்ணியதற்கு மன்னிப்பு கேட்டேன். இல்லை அண்ணா, பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"நீ பண்ணது தப்புதான்" என்றாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

பிறகு தண்ணீர் கேட்டாள். தலையைத் தூக்கிப் பிடித்து ஸ்பூனால் கொடுத்தேன். ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.