மாடிப்படியில் ஸ்பானிஷ்

என் அக்கா பிரதிபா மாடிப்படியில் பாதி ஏறி நின்று, கைப்பிடிச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டே ஸ்பானிஷில் ஏதோ முணுமுணுப்பாள். பிறகு இறங்கி வந்துவிடுவாள்.

விஜயநகரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த லூசியா, யோகா கற்க கொலம்பியாவிலிருந்து வந்தவள்; தாய்மொழி ஸ்பானிஷ். அக்காவுக்கோ வெள்ளிக்கிழமை ஆபீசில் ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் வேலை போய்விடும். ஒரு வருஷமாக போனில் ஒரு ஆப் வைத்துத்தான் படித்தாள். ஒரு மனிதரிடமும் பேசியதில்லை.

“மேலேயே ஆள் இருக்காளே அக்கா, போய்ப் பேசேன்.”

“ஆப் சிரிக்காதுடா. அவ சிரிச்சுட்டா?”

“வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல சிரிச்சா பரவால்லையா?”

முறைத்தாள். ஆனால் வியாழன் மாலை என்னையும் இழுத்துக்கொண்டு மாடியேறினாள். கதவில் ஒரே ஒரு தட்டு. கை கீழே இறங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது. லூசியா சிரிக்கவில்லை. இருட்டும்வரை அக்கா திக்கித் திக்கிப் பேசினாள். மறுநாள் அப்படியே திக்கித் திக்கித் தேறியும்விட்டாள்.

லூசியா ஊர் திரும்பிய பிறகு அனுப்பிய குரல் செய்தியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. படியில் முணுமுணுப்புக் கேட்கும்போதெல்லாம் அவள் ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து நிற்பாளாம். தானே திறந்தால் அக்கா ஓடிவிடுவாளோ என்று அவளுக்கும் பயமாம்.