எங்கள் வீட்டில் முடியாத தவக்காலம்

மறைக்கல்வி வகுப்பில் முதற்பரிசு வாங்கிய பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பத்து வயதில் எந்தத் திருநாள் எப்போது வரும், பூசைக்குச் சுவாமியார் எந்த நிறம் உடுத்துவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். யார் பிழைவிட்டாலும் திருத்தாமல் விடமாட்டேன்.

அந்த வருடம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவக்காலத்துக்குச் சற்று முன்பு, ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்டில் வேலை செய்துகொண்டிருந்த அப்பா விழுந்து காலை முறித்துக்கொண்டார். கொட்டாஞ்சேனையில் எங்கள் சின்ன வீட்டின் முன்னறையில் அவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நாட்கூலிக்காரர், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அந்தக் கால் இனிப் பாரம் தாங்குமா என்று டொக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

அம்மா அழவில்லை. விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுக்கத் தொடங்கினாள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று ஸ்டூலில் ஏறி, முன்னறையில் உயரத்தில் மாட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தை ஊதாச் சேலைத் துண்டொன்றால் மூடினாள். கோயிலில் படங்களைத் தவக்காலத்தின் கடைசியில்தான் மூடுவார்கள் என்று நான் திருத்தினேன். அவள் துணியின் நுனியைச் செருகிவிட்டு இறங்கினாள். இனி இறைச்சி, மீன் ஒன்றுமில்லை, விற்காத இடியப்பமும் சம்பலும்தான், எல்லாம் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் ஒறுத்தல் என்றாள்.

தவக்காலம் என்றால் நானும் இளைத்தவள் அல்ல. மாட்டிறைச்சிக் கறியை நினைத்துக்கொண்டே எல்லா நாளையும் ஓட்டினேன். உயிர்த்த ஞாயிறன்று கோயிலில் அல்லேலூயா பாடிவிட்டு ஓடிவந்தால், மேசையில் அதே இடியப்பம். படமும் மூடியபடியே இருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"தவக்காலம் முடிஞ்சுபோச்சு அம்மா! துணியை எடுக்கவேணும்."

"கோயில்ல முடிஞ்சுது. எங்கட வீட்டில இன்னும் முடியேல்ல. அதை அப்பாதான் எழும்பி எடுக்கவேணும்."

அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "என்னால ஏலாதெண்டால்?"

"ஏலும் வரைக்கும் இருப்பம். ஆண்டவரும் மூண்டு நாள் கல்லறைக்குள்ள இருந்துதானே வந்தவர்."

மறுநாளே அம்மா அவரை எழுப்பிவிட்டாள். கட்டிலிலிருந்து குசினி வாசல் வரைக்கும், இயேசு சிலுவை சுமந்ததை நினைத்துக் கோயிலில் நிலைநிலையாக நின்று செபிப்போமே, அந்தச் சிலுவைப்பாதை. முதலாம் நிலை யன்னல், அடுத்தது அலுமாரி என்று அவளே வகுத்தாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காலை ஊன்றுவார், அம்மா பக்கத்தில் நின்று செபம் சொல்லுவாள். ஒருநாள் அப்பா விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, நான்காம் முறையும் விழுந்தார். நான் சும்மா இருப்பேனா?

"இயேசு மூண்டு தரம்தான் விழுந்தவர்!"

அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அப்ப அவரை விட ஒருக்காக் கூடுதலா எழும்பலாம். எழும்புங்கோ."

அத்தனை வலியிலும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

பல வாரங்கள் கழித்து, ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், எங்கள் ஒழுங்கை முனைவரை இறைச்சிக் கறி வாசம். முன்னறையில் அப்பா இரண்டு காலையும் ஊன்றிப் படத்தின் கீழே நின்றார். அவர் உயரத்துக்கு ஸ்டூல் தேவையில்லை. கையை நீட்டித் துணியை இழுத்தார். அதுவரை அழாத அம்மா அப்படியே நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். "இண்டைக்குத்தான் எங்களுக்கு ஈஸ்டர்" என்றாள். ஈஸ்டர் புதன்கிழமையில் வராது என்று திருத்த வாய் திறந்த என்னைக் கறி வாசம்தான் தடுத்தது.

வீட்டில் காசு இல்லை என்ற சொல் அப்பாவின் காதில் விழாமலிருக்க அம்மா செய்த தந்திரம்தான் அந்த முடியாத தவக்காலம் என்று வளர்ந்தபிறகு நானாகவே கண்டுபிடித்து, அவளுடைய கெட்டித்தனத்தைப் பலரிடம் மெச்சியிருக்கிறேன். இடியப்ப உரலோடு மாரடித்த கையைக் குவித்து, முகமே தெரியாத அந்தப் படத்தின் முன்னால் ஒவ்வொரு நாளும் அவள் முழங்காலில் நின்றதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கு அது தந்திரம் அல்ல என்பதுதான் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.