காய்ச்சல்காரர் மிதந்த படம்

ஈர மணலில் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, குறட்டை விடும் ஒரு பெரியவரைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார் அக்கா. பெரியவரின் வயிற்றின் மேல் பேத்தியின் குட்டிச் செருப்பு. அலை வந்து அக்காவின் கால்சட்டையை நனைக்கிறது, ஆள் அசையவில்லை.

வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஞாயிறானால் கடற்கரை. ஆனால் கடலை மட்டும் தனியாக எடுக்கவே மாட்டார். "கடல் எங்க ஓடிடப் போகுது? மனுசங்க சும்மா இருக்கிறதுதான் அபூர்வம்."

பழைய ஃபிலிம் கேமரா. எடுத்ததும் காட்ட முடியாது. பிரதியையும் நெகட்டிவையும் பையில் போட்டுக்கொண்டு, படத்தில் இருப்பவரை வாரக்கணக்கில் தேடுவார். "இது நீங்கதானே? கண்காட்சி வச்சா சுவத்துல மாட்டிக்கட்டுமா?" வேண்டாம் என்றால் ஃபிலிம் துண்டிலிருந்து அந்த நெகட்டிவையே வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்.

என்னை மூன்று வாரம் தேடி, அதே கடற்கரையில் கண்டுபிடித்தார். நான் பஸ் டிரைவர். டிப்போவில் காய்ச்சல் என்று புளுகிவிட்டு, ஒரு ஞாயிறு கடலில் மல்லாந்து மிதந்தவன். படத்தில் என் தொப்பை தீவு போலத் தெரிந்தது. முகத்தில் ஒரு கவலையும் இல்லை. நாற்பத்தாறு வருஷமாகக் கண்ணாடியில் பார்க்காத முகம் அது.

"இருபது வருஷத்துல இதுதான் என் முதல் கண்காட்சி தம்பி. வாசல்லயே நீங்கதான்."

டிப்போ மேலாளர் பார்த்தால் வேலை போச்சு.

"தப்பா நெனக்காதீங்கக்கா. அன்னைக்குக் காய்ச்சல்னு லீவு சொல்லிட்டேன்."

"காய்ச்சல்காரர் மூஞ்சியா இது?" சிரித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுப் படத்தையே பார்த்தார். "இப்படி ஒண்ணு இனிமே எனக்கு அமையாது" என்றார். கெஞ்சுவார் என்று நினைத்தேன். கத்தரியை எடுத்து நெகட்டிவை வெட்டி என் கையில் கொடுத்தார்.

பிரதியையும் கொடுக்க வந்தவர், பின்பக்கம் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். பேனாவால் அதை அழுத்தி அடித்தார்.

"யார் கண்ணுலயாவது பட்டு உங்களுக்கு வம்பு வேண்டாம்."

தேதி இல்லாவிட்டால் அது எந்த நாள் என்று எவனுக்குத் தெரியும்? பயத்தில் இந்த மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை. கைக்கு எட்டியதை விட்டுக்கொடுத்த பிறகும் என் பிழைப்பை நினைத்த மனுஷிக்கு எப்படி நன்றி சொல்வது?

"நீங்களே வச்சுக்குங்கக்கா. வாசல்லயே மாட்டுங்க. தேதி மட்டும் போட்டுடாதீங்க."

நெகட்டிவை நீட்டினேன். அக்கா உடனே வாங்கவில்லை. உப்பு ஒட்டியிருந்த உள்ளங்கையைச் சட்டையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் கையை நீட்டினார்.