போலீஸ் கிராப் வினாடி வினா

காதோரம் மட்டுமே முடி மிச்சமிருக்கும் நான் இன்னமும் மாதம் தவறாமல் சலூனுக்குப் போகிறேன். என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போவது முடி வெட்ட அல்ல, பவுடர் வாசனைக்கு. பிடரியில் பவுடரை ஒற்றியதும், ரோட்டை அகலப்படுத்தியபோது இடிபட்ட சூலூர் கதிர்வேல் அண்ணன் கடையும், கழுத்தில் சில்லென்று பீய்ச்சும் தண்ணீரும், ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தரியை ஓயவிடாமலே அவர் பையன்களுக்கு நடத்திய வினாடி வினாவும் அப்படியே வந்துவிடும். சரித்திரத் தலைவர்கள் ஐந்து பேரைப் பற்றிக் கேட்பார். கடைசியில் ஐவருக்கும் என்ன ஒற்றுமை என்று சொன்னால் நாம் கேட்கும் ஸ்டைல், சொல்லாவிட்டால் போலீஸ் கிராப். எனக்கோ ஸ்டெப் கட்டிங் மேல் உயிர்.

ஒரு ஞாயிறு என் முறை வந்தபோது ஐந்து பெயர்களையும் கடகடவென்று சொல்லிவிட்டேன். ஒற்றுமை? “எல்லாரும் செத்துப்போனவங்கதானுங்கண்ணா?”

கடையே சிரித்தது. ஐவரும் வழுக்கை, அண்ணனின் கத்தரிக்கு வேலை வைக்காத மகான்கள். கண்ணாடியில் என் முடி கொத்துக்கொத்தாக விழுவதைப் பார்த்தபடி நானும் சிரித்தேன்.

நேற்று அண்ணனுக்குப் போன் போட்டேன். “ஏனுங்கண்ணா, இப்ப நானும் உங்க தலைவருங்க வரிசையில சேந்துபோட்டேனுங்க!”

“மண்டைக்கு வெளிய மட்டுந்தான் கண்ணு.”