கடைசியில் நின்ற என் பெயர்

1. கிளம்பும்போது

அந்த மாதத்தோடு என் ஆராய்ச்சி வேலையின் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர வேலை கிடைக்காவிட்டால், வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கவும் வயது தாண்டிவிட்டது. நேர்முகத்துக்காகக் கரமனை வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா கேட்டார்.

"ஏண்டி விசாலம், உனக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்? கணக்கா, பிசிக்ஸா, பயாலஜியா?"

"மூணும்தான்ப்பா."

"மூணும்னா ஒண்ணுமில்லேன்னுன்னா நெனச்சுப்பா!"

எனக்கும் அதே பயம்தான். நான் படித்தது பிசிக்ஸ். செய்வது, கொசு எப்படிப் பெருகுகிறது, காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று போர்டில் கணக்குப் போடுவது. கொசுவோடு எனக்கு வேறு பழக்கம் இல்லை, அடித்ததோடு சரி.

2. இல்லாத லேப்

நேர்முகக் குழுவில் இருந்த உயிரியல் பேராசிரியர் திருநெல்வேலிக்காரர். என் கட்டுரைகளைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"முக்காவாசிலயும் உங்க பேரு கடைசில இருக்கே மேடம்! பெரிய லேப்தான் போல. எத்தன பசங்க வேல பாக்காங்க?"

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. உயிரியலில் கடைசிப் பெயர் லேபின் தலைவருக்கு. கணிதத்தில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வரும். என்னோடு வேலை பார்க்கும் இருவரையும் சேர்த்து பிந்து, ஜோயல், விசாலாட்சி என்று நாங்கள் மூவரும் எழுதினால் நான் என்றைக்கும் கடைசிதான்.

தலையாட்டியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், அது வெறும் அகரவரிசை. எனக்கு லேபே கிடையாது."

பேராசிரியரின் முகம் வாடியது. குழுத் தலைவர் மலையாளி. அவர் குழம்பிப்போய், "அப்போ இதில் நிங்ஙளுடெ ஜோலி ஏதா?" என்று இதில் என் வேலை எது எனக் கேட்டார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நாங்கள் மூவரும் எழுதிய முக்கியமான கட்டுரையின் உயிர் ஒரே ஒரு சூத்திரம். மூவரும் போர்டு முன்னால் கத்திக்கொண்டிருந்தபோது வந்தது. முதலில் சொன்னது யார்? தெரியவில்லை. போதாக்குறைக்கு, முழுக் கணக்கும் நானே போட்ட உயிரியல் கட்டுரையில் என் பெயர் நடுவில் கிடக்கிறது என்றும் சொல்லிவைத்தேன். அவர்கள் இன்னும் குழம்பினார்கள். சூத்திரம் யாருடையது என்று எங்கள் மூவரையும் தனித்தனியாக எழுதி அனுப்பச் சொன்னார்கள்.

3. யார் சொன்னது?

தலையை உடைத்துக்கொண்டு யோசித்தேன். ஜோயல் சொன்னதாகத்தான் பட்டது. மார்த்தாண்டத்துப் பையன், அவனும் தற்காலிக வேலையில்தான். அவன் பெயரை எழுதினால் என் வேலை போய்விடும் என்று அழுகையே வந்தது. ஆனாலும் அதைத்தான் எழுதினேன்.

சில நாள் கழித்துத் தலைவர் போனில் கூப்பிட்டார். பிந்துவுக்கு ஒன்றும் நினைவில்லையாம். ஜோயலோ சூத்திரம் என்னுடையது என்று எழுதியிருக்கிறானாம். யாரைத்தான் நம்புவது என்று சலித்துக்கொண்டார். உடனே ஜோயலைப் பிடித்தேன்.

"ஏண்டா அப்படி எழுதினே?"

"நீங்க சொன்னதுன்னுல்லா அக்கா இவ்வளவு நாளும் நெனச்சிட்டிருக்கேன்! நானா? எப்போ சொன்னேன்?"

வேலை கிடைத்தது. எதை நம்பிக் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மறு வருடம் ஜோயலுக்கும் கிடைத்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தத் துறை என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் நின்று கணக்குப் போடுவது யார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சூத்திரத்துக்காக நானும் ஜோயலும் இன்றைக்கும் சண்டை போடுகிறோம். அவன் என் பக்கம், நான் அவன் பக்கம்.