சவுந்தரநாயகத்தின் மகளுக்குப் பிள்ளைப்பேறு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார் சிவக்கொழுந்து. வயது அறுபத்திரண்டு. பெயர்தான் பழசு, ஆள் இன்னமும் ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுவார். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டுக் களைத்துப்போய் இருபது வருஷம் ஆகிறது.

ஆறு தடவை வெளிநாடு போய்வந்தவர். ரொறன்ரோ இரண்டு தரம், லண்டன் இரண்டு தரம், பாரிஸ், ஒஸ்லோ. கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆறு தடவையும் போனது பிள்ளைப்பேறு பார்க்க. தம்பியின் மனைவிக்கு, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளான பெறாமக்களுக்கு. கலியாணமாகாத பெரியம்மா ஒருத்தி குடும்பத்தில் இருந்துவிட்டால் அவருடைய கடவுச்சீட்டு எல்லோருக்கும் பொதுச்சொத்து. பாரிசில் மூன்று மாதம் நின்றவர். அந்தக் கோபுரத்தைப் பார்த்தீர்களா என்றால், விமானத்திலிருந்து ஏதோ தெரிந்தது, அதுதானோ தெரியாது என்பார். அந்த வீட்டுக் குசினியில் எந்த அடுப்பு மெதுவாகச் சுடும் என்று மட்டும் இன்றைக்கும் அச்சொட்டாகச் சொல்வார்.

முறைப்பாடு ஒன்றும் இல்லை. ஆறு குழந்தைகளைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி எடுத்த கை என்பதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் ஓர் ஆசை இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒருவருக்கும் சமைக்காமல் ஒரு நாட்டைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த நாடு லாவோஸ். காரணம் இல்லாமல் இல்லை. கொச்சிக்கடையில், துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு கப்பல் கொம்பனியில் முப்பத்துநாலு வருஷம் ரைப் அடித்தவர் அவர். ஹம்பேர்க், மொம்பாசா, வல்பரைசோ என்று உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் அவருடைய விரல்நுனி வழியாகப் போயின. லாவோசுக்குக் கடலே கிடையாது. முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு கடதாசியில்கூட அந்தப் பெயரை அவர் அடித்ததில்லை. கந்தோர்ச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் மட்டும், பெரிய நாடுகளுக்கு நடுவே நெருக்குப்பட்டுக்கொண்டு ஒரு பச்சைத் துண்டாக இருந்தது. அதற்கு நேரே இருந்துதான் தினமும் மத்தியானச் சோற்றுப் பொதியைப் பிரிப்பார். ஒருவரும் தேடாத அந்த நாட்டின்மேல் அவருக்கு ஒரு பட்சம் விழுந்துவிட்டது.

இன்னொரு விசேஷமும் இருந்தது. அங்கே சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு இப்படியொரு நாட்டைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமா?

காலி வீதியில் விமான டிக்கெற் போட்டுக்கொடுக்கும் சப்ரிக்கு இது விளங்கவேயில்லை.

"லாவோஸா? அங்க யாரு ஈக்கிற உங்களுக்கு?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு அக்கா போற?"

"ஒருத்தரும் இல்லை எண்டபடியாத்தான் தம்பி."

சப்ரி கணினியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார். மகன் வீடு, தங்கச்சி வீடு என்று கையில் ஒரு விலாசத்தோடு வருகிறவர்களையே பார்த்துப் பழகிய மனிதர். இந்த அக்கா விடுதி கேட்கிறார். நவம்பர் நடுவில், பத்து நாள், ஓர் ஆள். டிக்கெற்றை நீட்டும்போதுகூட, ஆள் மாறி வேறெங்கோ அனுப்புகிறோமோ என்கிற முகத்தோடுதான் நீட்டினார்.

போவதற்கு மூன்று கிழமை இருக்கும்போது ரொறன்ரோவிலிருந்து தங்கை ரஞ்சிதம் கூப்பிட்டார்.

"அக்கா, சாருஜாவுக்கு நவம்பர் கடைசியில திகதி சொல்லியிருக்கினம். நீங்கள் நடுவிலயே வந்திடுங்கோ. உங்கட விசா இன்னும் முடியேல்லைத்தானே? டிக்கெற் நாங்கள் போடுறம்."

சாருஜா ரஞ்சிதத்தின் மகள். முதல் இரண்டு பிள்ளைக்கும் பெரியம்மாதான் போய் நின்றவர். 'ஓம்' என்று சொல்லத்தான் சிவக்கொழுந்து வாயைத் திறந்தார். வேறு ஒன்று வந்தது.

"வரேலாது ரஞ்சிதம். வேற இடத்தில வாக்குக் குடுத்திட்டன். என்னோட கந்தோரில இருந்த சவுந்தரநாயகத்தின்ர மகள். தலைப்பிள்ளை. தாயில்லாத பிள்ளை வேற."

"எங்க இருக்கிறா?"

"லாவோசில."

எங்கள் குடும்பங்களில் ஒரு பிள்ளைப்பேற்றுக்கு வரமாட்டேன் என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் எடுபடும்: முதலே ஒத்துக்கொண்ட இன்னொரு பிள்ளைப்பேறு. முழங்கால் நோ என்றால், இங்கே நல்ல டொக்டர் இருக்கிறார் என்பார்கள். ஊர் பார்க்கப் போகிறேன் என்றால் நாலு நாட்டிலும் இருந்து போன் எடுத்துப் புத்தி சொல்வார்கள். சிவக்கொழுந்து யோசித்துச் சொன்னதில்லை. அனுபவம் தானாகப் பேசிவிட்டது. சவுந்தரநாயகம் என்று ஒருவர் கந்தோரில் இருந்தது உண்மை. கலியாணமே செய்யாமல் ஓய்வுபெற்றுப் போன மனிதர். பாவம், ஒரு நொடியில் அவருக்கு மகளும் பேரப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள்.

"தாயில்லாத பிள்ளை எண்டா போகத்தானே வேணும்," என்றார் ரஞ்சிதம், குரல் இறங்கி. "நான் லீவு போடுறன். மருமோன் ஜனாவும் போடட்டும்."

போனை வைத்த பிறகு சிவக்கொழுந்து டிக்கெற்றை எடுத்து அலுமாரியில் உடுப்புக்கு அடியில் வைத்தார்.

ரொறன்ரோவுக்குச் சொன்னது வெள்ளவத்தைக்குத் திரும்பி வர அரை நாள் பிடித்தது. வெளிநாடு போகிறவரின் பெட்டியில் இடம் விட்டுவைப்பது எங்கள் வழக்கம் இல்லை. கீழ்மாடியிலிருந்து ஒரு கிலோ வறுத்த மிளகாய்த்தூள் வந்தது; அந்தப் பிள்ளை அங்கே என்னத்தைத் தின்னுதோ என்ற கவலையோடு வந்தது. எதிர்வீட்டிலிருந்து, பிள்ளை பெற்றவளின் பத்தியக் கறிக்கு அரைத்த சரக்குத்தூள். யாரோ பனங்கட்டி, யாரோ இரண்டு பை முறுக்கு. கடைசியாக, பக்கத்துவீட்டு லுத்பியா ஆறு சின்னச் சட்டைகளோடு வந்தார். வெள்ளைப் பருத்தி. பிள்ளையின் தோலில் உரசாமல் இருக்கத் தையலை வெளிப்பக்கமாக விட்டுத் தைத்திருந்தார்.

"உம்மா இல்லாத புள்ளயாமே. என்ட கையாலயே தச்ச."

சிவக்கொழுந்துவுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை. பாசத்தில் வந்தது என்று நினைத்து லுத்பியாவும் சேர்ந்து அழுதார்.

ஆக, இல்லாத ஒரு பெண்ணுக்கு ஏழு கிலோ சாமானோடு லாவோசில் போய் இறங்கினார். லுவாங் பிரபாங் என்ற ஊர். ஆற்றங்கரையில் ஒரு சின்ன விடுதி. முதல்நாள் விடியவே கண் விழித்து, கொண்டையை முடிந்துகொண்டு, கால் போன போக்கில் குசினிக்குள் நுழைந்துவிட்டார். விடுதிக்கார அம்மா சிரித்துக்கொண்டே அவருடைய தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, ஆற்றைப் பார்த்த ஒரு கதிரையில் இருத்தி, கையில் கோப்பியைக் கொடுத்தார். வெளிநாட்டில் ஒருவர் போட்டுத் தந்த கோப்பியை இருந்து குடித்தது அதுதான் முதல் தடவை.

பிறகென்ன, இருந்தார். ஆறு மண்ணிறமாகப் போய்க்கொண்டிருந்தது. நீளப் படகுகள் போயின. மூங்கில் கூடையில் ஒட்டுகிற சோறு வந்தது; கையால் உருட்டிச் சாப்பிடலாம் என்றதும் அந்த நாட்டை அவருக்கு இன்னும் பிடித்துப்போனது. வாங்கோ, பாருங்கோ என்று இழுத்துப் பறிக்கிற ஊர் இல்லை. வந்தால் இருந்துவிட்டுப் போ என்கிற ஊர். மிளகாய்த்தூளை விடுதிக்கார அம்மாவுக்குக் கொடுத்தார். அந்த அம்மா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணீர் விட்டுச் சிரித்து, போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முறுக்கில் பாதி படகுக்காரருக்குப் போயிற்று. ஒரு வைக்கோல் தொப்பி வாங்கினார். சந்தோஷமாக இருந்தார். சாருஜாவின் நினைவு வரும்போது மட்டும் கையில் எடுத்த முறுக்கைத் திரும்பப் பையில் போட்டார்.

ஏழாம் நாள் காலை ஏழு மணிக்கு, அதே கதிரையில் இருந்தபோது, போன் அடித்தது. வீடியோவில் சாருஜா. ரொறன்ரோவில் அப்போது முதல்நாள் இரவு. வயிறு நன்றாக இறங்கியிருந்தது.

"பெரியம்மா, அங்க பிள்ளை பிறந்திட்டுதா?"

"இன்னும் இல்லை."

"அங்க எத்தினை மணி?"

"காலமை ஏழு."

சாருஜா திரையை உற்றுப் பார்த்தாள். இரண்டு பிள்ளைப்பேற்றில் இந்தப் பெரியம்மாவைப் பார்த்தவள் அவள். காலை ஏழு மணிக்கு அவர் கதிரையில் இருந்து அவள் ஒருநாளும் கண்டதில்லை. தலையில் தொப்பி வேறு.

"சவுந்தரநாயகத்தின்ர மகள் எண்டு ஒருத்தியும் இல்லை, என்ன?"



"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் இல்லை. நான் சும்மா பாக்க வந்தனான். உன்னை விட்டிட்டு வந்திட்டன். குறை நினையாதை."

ஏச்சுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"போனைத் திருப்புங்கோ, ஆத்தைப் பாப்பம்."

திருப்பினார். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

"பிடிச்சிருக்கா பெரியம்மா?"

முந்தின ஆறு பயணத்திலும் பிள்ளை பால் குடிக்குதா என்று கேட்டிருக்கிறார்கள், கறிக்கு உப்புப் போட்டாச்சா என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. சிவக்கொழுந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஓம் பிள்ளை. நல்லாப் பிடிச்சிருக்கு." மூக்கை உறிஞ்சினார். "லுத்பியா தைச்ச சட்டை ஆறு இருக்கு. உன்ர பிள்ளைக்கு அனுப்பிவிடுறன்."

"அனுப்புங்கோ. இங்க எனக்கு அம்மா இருக்கிறா. ஜனா ரசம் வைக்கப் பழகிட்டார், உப்புத்தான் கூட. அம்மாவுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்." சாருஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆனா அடுத்த வருசமும் சவுந்தரநாயகத்தின்ர மகளுக்கு ஒரு பிள்ளை பிறக்கவேணும் பெரியம்மா. எந்த நாட்டில எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."