கிரானைட் மேடையையும் கக்கூஸையும் இழுக்க ஒரு வண்டி

எனக்கு முட்டி வலி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க, எங்கள் சபை முழுக்க, நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு முட்டி வலி என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தைலம் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. எதிர் வீட்டு அம்மா முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குடித்தேன். வேறு என்ன செய்வது?

எனக்கு இருப்பது சர்க்கரை. சர்க்கரை இருக்கிறவளுக்கு மணிக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கும். எங்கே போவது? ஆம்பிளைகள் பாடு தேவலை, ஒரு சுவரைப் பார்த்தால் போதும். ஹைவே ஓட்டலில் கேட்டால் "பின்னாடி இருக்கு" என்று கை காட்டுவார்கள். அந்தப் பின்னாடியை ஒரு தடவை பார்த்தவள் மறுபடி கேட்க மாட்டாள். ரயிலில் இருக்கிறதே என்பீர்கள். ஆடுகிற ரயிலில், தாழ்ப்பாள் போன கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம். ஆகவே வெளியூர் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடப்பேன். அப்படிக் கிடந்தும் செங்கல்பட்டைத் தாண்ட முடிந்ததில்லை.

செங்கல்பட்டைத் தாண்டாதவள் நாகர்கோவிலுக்கு எப்படிப் போவாள்? அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். ஒரே அக்கா. அவள் புது வீடு கட்டிப் பிரதிஷ்டை வைத்தபோது நான் போகவில்லை. "முட்டி வலி, அக்கா" என்றேன். அடுத்த வருஷம் என் மகள் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. "தலைசுத்தல் டி" என்றாள். பழிக்குப் பழி வாங்குகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் பேசுகிற போன் இப்படித்தான் இருக்கும்: அங்கே மழையா? மழைதான். மாத்திரை போட்டியா? போட்டாச்சு. வைக்கட்டுமா? வை.

கூடப்பிறந்தவளோடு இப்படி வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டே செத்துப்போய்விடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. என் முட்டி வலியின் ரகசியம் முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். டெலிபோன் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன நாளிலிருந்து அமெரிக்கக் கிழவன் கிழவிகள் பெரிய லாரிக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற வீடியோவைப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். ஒருநாள் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"டீச்சர், இதைப் பாருங்க. வண்டிக்குள்ளயே பாத்ரூம்!"

என்னைக் கிண்டல் செய்யும்போது டீச்சர் என்பார். அன்றைக்குக் கிண்டல் இல்லை. உங்க அக்காவைப் பார்க்கப் போவோம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க "வேற வேலை இல்லையா உங்களுக்கு" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

படப்பையில் லாரிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறை. அங்கே இழுவை வீடு ஒன்று செய்யச் சொன்னோம். அமெரிக்காக்காரன் இதையெல்லாம் தக்கையான பலகையில் செய்வானாம். நமக்கு அது ஆகுமா? பிளைவுட்டில் சமையல் மேடை போட்டால் கரப்பான் வரும், ஈரத்தில் ஊதும். "மேடை கிரானைட்தான்" என்றேன். கறுப்பு கிரானைட். பாத்ரூமுக்கு டைல்ஸ், வழுக்காத ரகம். சென்னைக்காரி குழாயில் தண்ணீர் வரும் என்று நம்ப மாட்டாள், அதனால் மேலே ஒரு டேங்க், கீழே ஒரு டேங்க். இவர் பங்குக்கு இன்வெர்ட்டரும் ரெண்டு பேட்டரியும். துணி வைக்க ஒரு ஸ்டீல் பீரோ. இட்லிக்கு மாவு? பாக்கெட் மாவு எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே கிரைண்டர். ஊரில் வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தடவை மேஸ்திரியைப் பார்க்கும்போதும் ஒன்றைச் சேர்ப்பார்களே, அதையேதான் நாங்களும் செய்தோம். அதற்குச் சக்கரம் இருக்கிறது என்பது ரெண்டு பேருக்கும் மறந்தே போனது.

வண்டி தயாரான அன்று எங்கள் பழைய சின்னக் காரைக் கொண்டுபோய் அதன் முன்னால் மாட்டினோம். இவர் ஜெபம் செய்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கார் பின்பக்கமாகக் குந்திக்கொண்டது. முன்சக்கரம் சும்மா சுற்றியது. டயர் கருகுகிற நாற்றம் வந்ததே தவிர, வீடு ஒரு அடி நகரவில்லை.

பட்டறை மேஸ்திரி தலையில் கை வைத்தார். "இன்னா சார் நீங்க? வூட்டையே கட்டச் சொல்லிட்டு, இத்த இழுக்கறதுக்கு பொம்மைக் காரை எடுத்தாந்துகினு நிக்கிறீங்க?"

"முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"லாரி வெச்சிக்கினு கீறீங்கன்னு நெனைச்சேன்மா. கிரானைட்டு கேட்டா வேற இன்னா நெனைக்கிறது?"

இவர் என்னைப் பார்த்தார். கிரானைட் என்கிற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. அந்தப் பார்வையே போதாதா? "பீரோ யாரு கேட்டது? பேட்டரி யாரு கேட்டது?" என்று நானும் பதிலுக்கு ஆரம்பித்தேன். பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சரி, கிரானைட்டை எடுத்துவிடலாம் என்று இறங்கிவந்தேன். மேஸ்திரி தட்டிப் பார்த்தார். கிரானைட் பலகையின் ஒரு முனையைப் பாத்ரூம் சுவருக்குள் விட்டுப் பூசியிருக்கிறார்கள். அதைப் பெயர்த்தால் சுவரும் சேர்ந்து வரும் என்றார். பாத்ரூமை உடைத்துவிட்டு எனக்கு எதற்கு வண்டி? கிரைண்டரை இறக்கினோம், பீரோவை இறக்கினோம். கார் அப்போதும் குந்திக்கொண்டது. இனி ஒரே வழி, இதை இழுக்கத் தெம்புள்ள பெரிய வண்டி ஒன்று வாங்குவது. உரலை வாங்கிவிட்டு உலக்கைக்கு அலைந்த கதை.

முதலில் குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்றைப் பார்த்தோம். மேஸ்திரியே சிரித்துவிட்டார். "இது தண்ணி கேன் போடறதுக்கு சார்." அடுத்தது முடிச்சூர் ரோட்டில் ஒரு பழைய பிக்கப். விலை படிந்தது, எஞ்சினும் நல்ல எஞ்சின் என்றார்கள். ஆனால் அது அதுவரை மீன் ஏற்றிய வண்டி. ஏசியைப் போட்டதும் காசிமேடே முகத்தில் அடித்தது. "ஜன்னலைத் திறந்து வச்சுக்கலாமே" என்றார் இவர். நாகர்கோவில் வரைக்கும் வஞ்சிரத்தோடு குடித்தனம் செய்ய என்னால் முடியாது என்று இறங்கிவிட்டேன்.

மூன்றாவதாக ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஷோரூம். முன்னால் நாலு கதவு, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. யானை மாதிரி ஒரு வண்டி. இவர் சேல்ஸ்மேனிடம் இழுவைத்திறன், கியர், பிரேக் என்று அமெரிக்க வீடியோவில் படித்த பாடத்தையெல்லாம் ஒப்பித்தார். டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும், ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டும், இறக்கத்தில் வீடு முன்னால் ஓடிவந்து நம்மை முட்டக்கூடாது. அதெல்லாம் சரிதான். நான் பார்த்தது ஒன்றுதான்: என்னால் ஏற முடியுமா? படியே என் இடுப்புக்கு இருந்தது. ஷோரூமில் கஸ்டமர் உட்காரும் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினேன்.

சேல்ஸ்மேன் பதறிவிட்டார். "மேடம், முட்டி வலியா?"

"ஆமாம்" என்றேன். பழக்கதோஷம்.

வண்டி பிடித்துவிட்டது. இனிமேல் லோன். பேங்கில் இவர் வயசைக் கேட்டார்கள், சொன்னார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு அந்த ஆபீசர் அம்மா உதட்டைப் பிதுக்கினார். தவணை முடிகிற வரைக்கும் இவர் இருப்பார் என்பதில் பேங்குக்கு நம்பிக்கை இல்லை. அதை நாகரிகமாக "பாலிசி சார்" என்றார். இவர் முகம் தொங்கிப்போனது. எனக்கு வந்ததே கோபம்! நாற்பது வருஷமாக நானே இந்த மனுஷனைச் சகித்துக்கொண்டிருக்கிறேன், உங்களால் நாலைந்து வருஷம் நம்ப முடியாதா?

அப்புறம் அந்த அம்மாவே வழி சொன்னார். என் வயசு குறைவு, எனக்குப் பென்ஷன் வருகிறது, என் பேரில் போடலாம். பென்ஷனில் நல்ல ஒரு துண்டு மாசாமாசம் போய்விடும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நகையை விற்கலாமா, மகளைக் கேட்கலாமா என்று இவர் இழுத்தார். "ஒண்ணும் வேண்டாம், என் பேர்லயே போடுங்க" என்றேன். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அந்த அம்மா கேட்டார்.

"கூட்ஸ் ஏத்துற வண்டியாச்சே மேடம். என்ன பர்ப்பஸ்?"

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இழுவைத்திறனில் இருந்து ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் நெளிந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கக்கூஸை இழுத்துட்டுப் போறதுக்கும்மா!"

கணக்கு டீச்சர் குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். பேங்க் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பணம் எண்ணுகிற மெஷின்கூட நின்ற மாதிரி இருந்தது. இவர் கூரையைப் பார்த்தார்.

அந்த அம்மா பேனாவை மூடித் திறந்தார். "ஃபேமிலி யூஸ்னு போட்டுக்கறேன் மேடம்" என்றார். போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வண்டி வந்தா எனக்கு ஒரு தடவை உள்ள காட்டுவீங்களா?" என்றும் கேட்டார்.

வண்டி வந்தது. எங்கள் தெருவில் நிறுத்தினால் குப்பை வண்டி வர முடியவில்லை. மாடி வீட்டுக்காரர் "அங்கிள், மணல் பிசினஸ் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். மறுவாரமே ஃப்ரிட்ஜ் மாற்ற வேண்டும் என்று வண்டியை இரவலும் கேட்டார். படப்பைக்கு அப்பால் பிளாட் போட்டு விற்காமல் கிடந்த வெற்றுமனைகளில் இவர் இழுவை வீட்டை மாட்டி ரிவர்ஸ் பழகினார். ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் பின்னால் இருப்பது வலதுபக்கம் போகிறது. "உன்னை மாதிரியே இருக்கு" என்றார். மூன்று எல்லைக்கல்லைச் சாய்த்த பிறகு கை பழகியது.

ஷோரூமில் போட்டது மாதிரி ஒரு முக்காலியும் வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பினோம். செங்கல்பட்டைத் தாண்டும்போது என் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து முழு பாட்டிலையும் குடித்தேன். ஹைவேயில் நான் குடித்த முதல் தண்ணீர். திண்டிவனத்துக்கு முன்னால் ஓரம் கட்டச் சொல்லி, முக்காலியைப் போட்டு இறங்கி, முக்காலியைப் போட்டு ஏறி, என் பாத்ரூமில், என் டைல்ஸ்மேல், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ராஜாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்படியே மணிக்கு ஒரு தடவை. இவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. வழியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மத்தியானம் நாகர்கோவில் போய்ச் சேர்ந்தோம்.

அக்கா வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழையாது. மெயின் ரோட்டில் சர்ச் மதில் ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் செய்தேன். அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

"ஏட்டி, வீட்டைக் காலி பண்ணிட்டா வந்தே?" என்றாள். கட்டிக்கொள்ளவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் இருந்தது.

முக்காலியைப் போட்டுக் கையைப் பிடித்து ஏற்றினேன். என் கிரானைட் மேடையைத் தடவிக் காட்டினேன். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவள் கண் பாத்ரூமின் சின்னக் கதவின்மேல் இருந்தது. திறந்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் மக கல்யாணத்துக்கு நான் ஏன் வரலைன்னு நெனைக்கே?"

"தலைசுத்தல்னு சொன்னியே."

"தலையும் சுத்தல, காலும் சுத்தல. எனக்கு அடக்க முடியாதுட்டி. திருநெல்வேலி தாண்ட முடியாது. அத எப்படிப் போன்ல சொல்ல?"

நான் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். "எனக்கு முட்டி வலியே கிடையாதுக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கம்பு கீழே விழுந்து உருண்டது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை மழை, எத்தனை மாத்திரை! வெளியே இவர் ஜன்னலைத் தட்டி "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, போங்க" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் விரட்டினோம்.

"வண்டிக்கு மாசம் எவ்வளவு தவணை கெட்டுதே?" என்றாள் அக்கா. சொன்னேன். "பாதி நான் தாரேன். நாளைக்குக் காலையில என்னையும் சிட்லபாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போ. உன் பேத்தியை நான் இன்னும் பார்க்கல."

மறுநாள் காலை அவளை முக்காலியில் ஏற்றி முன்வண்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தேன். இவர் ஸ்டார்ட் செய்தார். வீடு ஒருதரம் குலுங்கிவிட்டுப் பின்னாலேயே வந்தது. திருநெல்வேலி தாண்டும்போது அக்கா என் பக்கம் கையை நீட்டித் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்து முடித்துவிட்டு, காலி பாட்டிலை என்னிடம் தந்து, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள்.